சிவப்பு ரிப்பன்

அலுவலகத்தில் மங்கையர்க்கரசி மேடத்தின் தலைக்கு நேர் மேலே இருந்த ஏசி கிரில்லுக்குப் பின்னால் காற்றுக்குழாயே கிடையாது. பொருத்திய அன்று ஏசி மெக்கானிக் குணசீலன் குழாயை மறந்துவிட்டுக் கிரில்லை மட்டும் மாட்டியிருந்தான். மூன்று கோடையாக மேடம் கோப்பால் விசிறியபடி புகார் எழுதிக்கொண்டிருந்தார். கூரையைப் பிரித்தால் குட்டு வெளிப்பட்டு வேலை போய்விடும். அதனால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி விசிறி ஒன்றை உள்ளே ஒளித்துவைத்து, காற்று வருவதைக் காட்ட மற்ற கிரில்களில் இருப்பது போலவே ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டான். ரிப்பன் படபடத்தது. மேடம் அண்ணாந்து பார்த்தார்.

“இப்பத்தான் தம்பி உயிரே வந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும்.”

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரம் மேடம் ஸ்வெட்டரோடும் காதில் பஞ்சோடும் வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. கூலிங் ஜாஸ்தியா இருக்கு, ஒரே இருமல். கொஞ்சம் குறைச்சு விடுங்களேன்.”

இன்று உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் குணசீலன் ஏணியில் ஏறினான். கீழே அவர் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு அவனையே நம்பிப் பார்த்திருந்தார். கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனைப் பாதியாக வெட்டினான்.

“ஆங், இப்ப சரியா இருக்கு,” என்று அவர் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

குணசீலனின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை அவருடைய கோப்பில் விழுந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“தம்பி, ஏசி ஒழுகுது பாருங்க.”

“நிறுத்திடறேன் மேடம்,” என்று குணசீலன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.