வாங்கறவன் பாடு

“இது ஒரிஜினல், இது லோக்கல். எதைப் போடட்டும், சொல்லுங்க சார்.”

மெக்கானிக் இரண்டு டைமிங் பெல்ட்டுகளை மேஜை மேல் வைத்தார். ஆடிட்டரின் கார், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்து, எஞ்சினைத் திறந்து போட்டபடி ஷெட்டில் நின்றிருந்தது.

“விக்கப் போற வண்டிக்கு எதுக்குய்யா ஒரிஜினல்? லோக்கலைப் போட்டுத் தள்ளி விடு.”

“சார், இது அறுந்தா வால்வெல்லாம் வளைஞ்சிடும். ஓடிட்டிருக்கும்போதே நடுரோட்டுல எஞ்சின் நின்னுடும். பின்னாடி லாரி கீரி வந்தா...”

“அது வாங்கறவன் பாடு. அவன் என்ன சொல்றான்?”

“போன்லதான் பேசினாங்க. ‘ஓனர் எதைச் சொல்றாரோ அதையே போடுங்க’ன்னுட்டாங்க.”

ஆடிட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்தக் காலத்துல இப்படியும் ஒரு ஏமாளியா!”

அடுத்தவரை ஏமாற்றிப் பிழைக்கிற ஆள் இல்லை அவர். ஆனால், ஏறி உட்கார வீட்டில் ஆளில்லாமல் போன அந்தக் காரைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். தொலைந்தால் சரி என்றிருந்தார். வாங்குபவர் பெயரைக்கூடக் கேட்காமல், பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டார்.

வாங்குபவர் வண்டியை எடுக்க வந்த அன்று, அவர் முகத்தைப் பார்க்க ஆடிட்டருக்கு மனசு கூசியது. பணத்துக்காக ஷெட்டுக்கு வந்திருந்தவர், உள்ளறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது. எட்டிப் பார்த்தார். பின் சீட்டு ஜன்னலில் ஒரு பிஞ்சுக் கை மட்டும் தெரிந்தது.

அவருக்குச் சுருக்கென்றது. குழந்தையை வைத்துக்கொண்டு போகிற வண்டியா அது? ‘ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!’ ஓடிப்போய் நிறுத்தலாம் என்று எழுந்தார். நிறுத்தி, என்னவென்று சொல்வது? அவமானம் காலைக் கட்டிப்போட்டது. அதற்குள் கார் தெருமுனை திரும்பிவிட்டது.

மெக்கானிக் உள்ளே வந்தார். அவர் முகமே சரியில்லை.

“மனசு கேக்கல சார். ‘பெல்ட் லோக்கல்தாம்மா, உடனே மாத்திடுங்க’ன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டேன்.”

ஆடிட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நல்ல காரியம் பண்ணேய்யா! மாத்திடறேன்னாங்களா?”

“எங்க சார்! என் மேலதான் பாஞ்சாங்க. ‘பொய் சொல்லாதீங்க. அவர் எங்கப்பா. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டதுலேருந்து என் முகத்துல முழிக்கறதில்லதான். ஆனா, முன்பின் தெரியாதவங்க ஏறப்போற வண்டின்னாலும் அதுல மட்டமான பெல்ட்டைப் போடச் சொல்ற மனுஷன் இல்ல அவரு’ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க.”