பூஜ்யம் காட்டாத குழாய்

ஏழு வருடம் ஆராய்ச்சி செய்து, உளுத்தம்பருப்பு அளவில் ஒரு சிப் செய்திருக்கிறாள் என் மகள் மாதங்கி. குழாயின் வெளிப்புறம் ஒட்டினால், ஒலியைத் தண்ணீர் ஓடும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் அனுப்பி, ஓட்டத்தை அளந்துவிடுமாம். குழாயைத் திறந்து பார்த்தால் தெரியாதா? இதற்கு ஒரு டாக்டர் பட்டம்.

சோதித்துப் பார்க்க, ஓடாமல் நிற்கும் தண்ணீர் வேண்டும் என்றாள். பின்சுவர்க் குழாயைக் காட்டினேன். குடும்பம் சந்தி சிரிக்கும்படி கோர்ட்டுக்குப் போன என் தம்பியின் வீட்டுக்குச் செல்லும் குழாய் அது. பதினொரு வருடத்துக்கு முன் அதன் வால்வை நானே மூடினேன். அங்கே ஒரு சொட்டும் போகக் கூடாது என்பது என் வார்த்தை.

“பூஜ்யம் வரலப்பா. நிமிஷத்துக்கு நாலு லிட்டர் ஓடுதுன்னு காட்டுது.”

“லட்சணம்தான். உன் சிப் பொய் சொல்லுது.”

“அது பொய்னா வியாழக்கிழமை வைவாவில என்னைத் துரத்திடுவாங்கப்பா. வால்வைப் பார்த்துட்டு வரட்டுமா?”

கொடியருகே நின்ற என் மனைவி, பிழிந்த புடவையையே மறுபடியும் பிழிந்தாள்.

குழாயில் கை வைத்தேன். உள்ளே மெல்ல அதிர்ந்தது.

“வேண்டாம்,” என்றேன். “சிப்தான் தப்பு. அப்படியே எழுதிக்கோ.”