அருள்பாண்டியா, ஏசுவடியானா?

"அருள்பாண்டியெல்லாம் ஒரு ரைடராடா? நம்ம காலேஜ் கபடி டீம்ல இதுவரைக்கும் ஆடினவங்கள்ல ஏசுவடியான்தான் நம்பர் ஒன்!"

நைட் ஷிஃப்ட் முடிந்து கிளம்பிய கம்பெனி பஸ் இன்னும் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டவில்லை. அதற்குள் மணிகண்டபிரபு ஆரம்பித்துவிட்டான்.

"போடா. அருள்பாண்டி இல்லன்னா தொண்ணூத்தொம்போதுல நமக்கு ஏதுடா கப்பு? செமி ஃபைனல்ல ஒரே ரைடுல ரெண்டு பேரைத் தொட்டுட்டு வந்தான்ல?" என்றான் பக்கத்தில் இருந்த இளம்பரிதி.

டிரைவர் அப்பாவு பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டார்.

"இன்னாடா உளர்றீங்க? அது தொண்ணூத்தெட்டு. செமி ஃபைனல் இல்ல, ஃபைனலு. ரெண்டு பேரில்ல, மூணு பேரு! அதுவும் வீங்கிப்போன காலோட. நான்தான் அப்ப உங்க காலேஜ் பஸ்ஸு ஓட்டிகினு இருந்தேன். பஸ்ஸு மேல ஏறி நின்னு பாத்தேன்!"

மூன்றாவது வரிசையில் சந்திரலேகா காதைப் பொத்திக்கொண்டாள். வாலாஜாபாத்தில் இறங்கியதும் அவளுக்கு அடுப்பு, பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்புவது, ஒரு அன்னக்கூடை துணி. தூக்கம் என்று அவளுக்கு மிச்சமிருப்பது இந்த பஸ் சீட்டுதான்.

சண்டையையாவது ஒழுங்காகப் போடுகிறார்களா? அப்பாவு நேற்றுத் திருத்தியதையே இன்று மறுபடியும் தப்பாகச் சொல்கிறார்கள். இப்படி ஒரு மாதமாக நடக்கிறது. கபடி கிரவுண்டை எட்டிக்கூடப் பார்க்காத சந்திரலேகாவுக்கே எல்லாம் மனப்பாடம்.

அன்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"இன்னா தம்பிங்களா, பாடம்தான் மண்டையில ஏறல, கபடியுமா ஏறல? ராத்திரியெல்லாம் நின்னுகினே வேலை செஞ்சிட்டு வர்றோம். இனிமே வாயைத் தொறந்தீங்க, ட்ரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல கம்ப்ளைண்ட் குடுத்துடுவேன்!"

"நல்லாக் கேளுக்கா," என்று பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"இல்லக்கா, வந்து..." என்று இழுத்தான் இளம்பரிதி.

"பேசக் கூடாது!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசவில்லை.

அப்பாடா என்று சந்திரலேகா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். வல்லக்கோட்டை போனது. பஸ்ஸில் அத்தனை பேரும் தூங்கிப்போனார்கள். அவளுக்கும் கண் சொக்கியது.

திடீரென்று பஸ் ஒரு பக்கமாகச் சரிந்தது. இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி ஓடியது. எதிரே ஒரு மண் லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

"அண்ணே! அருள்பாண்டி ஃபைனலுக்கே வரல!" என்று அலறினான் இளம்பரிதி.

"எவன்டா சொன்னது?"

அப்பாவு திடுக்கிட்டு நிமிர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். லாரி உரசாத குறையாகக் கடந்து போனது. பஸ் மறுபடி ரோட்டுக்கு வந்தது.

"வரலையா? மழை பேஞ்சி கிரவுண்டு சேறும் சகதியுமா கீது. அந்தச் சேத்துல எறங்கி ஆடினான்டா அவன்..." என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

சந்திரலேகாவுக்குத் தூக்கம் பறந்துவிட்டது. மெல்ல எழுந்து அந்த இருவருக்கும் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"தூங்கிட்டாரா?"

"பகல்ல வேற கம்பெனி பஸ்ஸும் இவருதான்க்கா ஓட்டுறாரு," என்று கிசுகிசுத்தான் இளம்பரிதி. "இன்னொரு ஆளு போடுய்யான்னு கான்ட்ராக்டரைக் கேட்டுகினுதான் இருக்கோம். போட மாட்டேன்றான். தூங்குறாருன்னு சொன்னா இவரை வூட்டுக்கு அனுப்பிடுவான். பொண்ணு நர்சிங் படிக்குது."

"அதுக்கு? சும்மா எதுனா பேசிகினு வந்தா ஆகாதா?"

"பேசிப் பாத்தோம்க்கா. உம் கொட்டிகினே தூங்கிட்டாரு. அருள்பாண்டியைப் பத்தித் தப்பாச் சொன்னாத்தான் முழிச்சிக்கிறாரு."

"எனக்கும் அருள்பாண்டிதான்க்கா உசிரு," என்றான் மணிகண்டபிரபு பாவமாக. "தெனம் அவனைத் திட்டும்போது வயிறு எரியுது."

மறுநாள் சந்திரலேகா ட்ரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போகத்தான் செய்தாள். சத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ராத்திரி பஸ்ஸுக்குத் தனியாக ஒரு டிரைவர் போடச் சொன்னாள். பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த வாரம் இளம்பரிதிக்கும் மணிகண்டபிரபுவுக்கும் பகல் ஷிஃப்ட். டிரைவர் சீட்டில் அதே அப்பாவு.

பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. சந்திரலேகா தன் ஜன்னல் சீட்டை ஆசையாகப் பார்த்தாள். ஷிஃப்டில் நின்ற கால் கெஞ்சியது. ஆனாலும் முன்னால் போய் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

வல்லக்கோட்டை நெருங்கும்போது அப்பாவுவின் தலை லேசாகத் தொங்கியது.

"ஏன் அண்ணே, அந்த அருள்பாண்டி தொண்ணூத்தொம்போது செமி ஃபைனல்ல ஒரே ஒருத்தரைத்தான் தொட்டாராமே?"

"யாரும்மா சொன்னது?" அப்பாவு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது தொண்ணூத்தெட்டும்மா! ஃபைனலும்மா!"

"அப்படியா? எனக்கென்னமோ ஏசுவடியான்தான் பெரிய ஆளுன்னு தோணுது."

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் எரிச்சலோடு கத்தினாள்.

"யாருக்கா அது முன்னால? தானும் தூங்காம, மத்தவங்களையும் தூங்க விடாம!"