ஆறிப்போன காபி

மதிய வெயில் எல்லைச் சாவடியின் திரையைத் தாண்டி வந்து மேஜைமேல் கிடக்கிறது. ஏசி கடகடக்கிறதே தவிர, குளிரவில்லை. இரு நாட்டுக் குட்டிக் கொடிகளும் துவண்டு நிற்கின்றன. காலையில் வந்து உட்கார்ந்ததுமே அந்தப் பக்கத்துத் தூதர் அபூ ரக்கான், விருந்தாளியாகத் தனக்கு ஊற்றித் தந்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். இந்தப் பாலைவனத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கேட்டு வந்ததைக் கொடு, பிறகு குடிக்கிறேன். அவர் கேட்பது, சண்டையில் இந்தப் பக்கம் விழுந்த தன் நாட்டு வீரர்களின் உடல்களை. எதிரே இருக்கும் இந்தப் பக்கத்துத் தூதர் தலாலுக்குக் கொடுக்க மனம்தான். தலைநகரம்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

"போன தடவை நீங்க எங்க பக்கம் கேட்டு வந்தப்ப உங்க காபியும் இப்படித்தான் ஆறிப்போச்சு" என்கிறார் அபூ ரக்கான், கண்ணைக் கசக்கியபடி. "அந்த ஏலக்கா வாசனை இன்னும் மூக்குல நிக்குது" என்கிறார் தலால். சிரிக்கக்கூட இருவருக்கும் தெம்பில்லை. பேசியதையே திரும்பப் பேசுகிறார்கள். பேச்சின் நடுவே, தன்னையறியாமல், அபூ ரக்கானின் கை நீள்கிறது. கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிடுகிறார்.

அவருக்கு உறைக்கும்போது கிண்ணம் காலி. கேட்டது கிடைக்குமுன் குடித்தவன், கேட்டதைக் கைவிட்டவன். கிண்ணத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஊரில் காத்திருக்கும் தாய்மார்களிடம் என்ன சொல்வார்? மேஜைமேல் தலாலின் கைபேசி அதிர்கிறது. தலைநகரம். தலால் அதைக் கவிழ்த்து வைக்கிறார்.

"என் காபியைக் குடிச்சிட்டீங்க, அபூ ரக்கான். அப்ப நான் குடுத்துட்டேன்னுதானே அர்த்தம்? வண்டிய வரச் சொல்லுங்க."