வெளிவராத பதிப்பில் ஒரு வீடு

போர்விமான விளையாட்டு ஒன்றைக் கடைக்கு வருமுன் ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்வது பிராங்கிளினின் வேலை. திண்டுக்கல்லில் தன் வீட்டிலிருந்தே அதைச் செய்தான். 2005 மார்ச்சில் புதிய பதிப்பின் சிடி வந்தது. இனி மேகங்கள் நகரும், கீழேயுள்ள வீடுகள் வெறும் பெட்டிகளாக இருக்காது என்று கம்பெனி எழுதியிருந்தது.

சாயங்காலம் மனைவி ஷைனி காய்ந்த துணியை எடுக்க மாடிக்குக் கிளம்பினாள்.

"அப்படியே அந்த கிறிஸ்துமஸ் ஸ்டாரையும் கழட்டிரு. தவக்காலம் வந்தும் நம்ம வீட்ல மட்டுந்தான் தொங்குது."

"கம்பம் எனக்கு எட்டாது. நீங்களே வந்து கழட்டுங்க."

எந்தப் பதிப்பு வந்தாலும், முதலில் தென்படும் வீட்டின் மீது ஒரு குண்டு போட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். மேகத்தைத் தாண்டியதும் மொட்டைப் பாறை மலை ஒன்றும் அதையடுத்து வீடுகளும் தெரிந்தன. பட்டனை அழுத்தினான். குண்டோடு சேர்ந்து காட்சியும் மெதுவாகக் கீழே இறங்கியது. அதுவும் புதிய வசதிதான். ஒரு மாடி தெரிந்தது. கொடியில் துணிகள். கம்பத்தில் ஒரு காகித நட்சத்திரம். நைட்டி போட்ட பெண் ஒருத்தி நெற்றியில் கை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பிளேன் ஒண்ணு ரொம்பத் தாழப் பறக்குது," என்று மாடியிலிருந்து ஷைனி கூப்பிட்டாள்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். திரை இருண்டது.

"ஷைனி, கீழ வா."

"வாரேன், செத்த இருங்க. அதுலருந்து என்னமோ விழுகுது. பாத்துட்டு வாரேன்."