பச்சை டிக்

கணினி நிரல் எழுதப் பழகுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் ஓர் இணையப் பக்கத்தில், ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் மேலும் கீழுமாகக் குடியிருந்தன. மேலே இருந்தது மூத்தது. 'இதுதான் சரி' என்று கேள்வி கேட்டவர் எப்போதோ கொடுத்த பச்சை டிக் அதன் நெற்றியில் பளிச்சென்று இருந்தது. பிறகு அந்த நிரல் எழுதும் பைத்தான் மொழி புதிய பதிப்பில் மாறிப்போனது. மூத்தது சொன்ன வழி இப்போது வேலைக்காகாது. சரியான வழி கீழே இருந்த இளையதிடம்தான் இருந்தது.

அன்று ஜெசிந்தா வந்தாள். பைத்தானுக்குப் புதியவள். டிக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மூத்ததை அப்படியே காப்பி செய்தாள்.

"ஐயோ, என்னை எடுக்காதேம்மா! கீழே பாரு!" என்று மூத்தது கத்தியது. அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது?

தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாள்; எர்ரர் வந்தது. திரும்பி வந்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து மறுபடி எடுத்துப்போனாள். மறுபடியும் எர்ரர்.

"அக்கா, கொஞ்சம் நகர்ந்துக்கோயேன். நான் அவ கண்ணுல படுவேன்ல?" என்றது இளையது.

"முடிஞ்சா நகர மாட்டேனாடி? டிக் கொடுத்தவர் இந்தப் பக்கம் வந்தே வருஷக்கணக்காச்சு. அவர்தானே இதை எடுக்கணும்?"

ஜெசிந்தா டிக்கையே வெறித்துக்கொண்டிருந்தாள். "சொல்லிக் கொடுத்தவங்க என்ன பண்ணுவாங்க, பாவம். எனக்குத்தான் மண்டையில ஏறல."

போகும்போது, மரியாதைக்கு மூத்ததற்கு ஒரு லைக்கும் போட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் அவள் வரவே இல்லை. லைக் மட்டும் அங்கேயே இருக்கிறது.