நிலாவைத் தைத்த பக்கம்

“உங்க டிராகன்காரர் எங்க எழுத்தாளரம்மாகிட்ட திருடியிருக்கார், சம்பந்தி! கையும் களவுமா மாட்டிக்கிட்டார்!”

மருந்துக்கடை அம்மாள் மேசையில் அடித்த அடியில் நூலகரின் மூக்குக்கண்ணாடி ஒரு குதி குதித்தது.

எதிரே, அப்போதுதான் வாசித்து முடித்திருந்த தையற்கடைக்காரர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். “யாரு, எங்க ஆளா? உங்க ஏழு நிலாக்காரிகிட்ட திருட என்ன இருக்கு, சம்பந்தியம்மா?”

மகளைக் கொடுத்த வீடு என்பதால் மற்ற விஷயங்களில் அம்மாள் அவரிடம் பார்த்துத்தான் பேசுவார். மாயாஜாலக் கதை என்று வந்துவிட்டால் சம்பந்தமாவது மண்ணாவது. எதிராளியின் எழுத்தாளர் எழுதிய புத்தகத்தைக் கையால் தொடுவதில்லை என்று இருவரும் வருஷக்கணக்காக விரதம் வேறு.

மழை ஒழுகி, நூலக மாடியில் இருந்த இரண்டு அலமாரிகளில் ஒன்று உளுத்துப்போனது. இனி அந்த இரண்டு எழுத்தாளர்களில் ஒருவருடைய புத்தகங்களுக்குத்தான் மாடியில் இடம். மற்றவருடையது கீழே குடோனுக்கு. ஆளுக்கொரு பக்கம் வாசிப்பது, வாசகர் வட்டம் கை தூக்கி முடிவு செய்வது என்று ஏற்பாடு.

தையற்கடைக்காரர் வாசித்த பக்கத்தில், அடிபட்ட டிராகன் தன் வாலிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, கிழிந்த சிறகைத் தானே தைத்துக்கொள்கிறது. கடைசி வரி: ‘வலித்தது. வலிக்காமல் போட்ட தையல் நிற்காது.’

“இப்ப இதைக் கேளுங்க,” என்று அம்மாள் தன் புத்தகத்தைப் பிரித்தார். கிழிந்து தொங்கும் ஏழாவது நிலாவை ஊமை ராணி தன் கூந்தல் இழையால் தைக்கும் பக்கம். அதன் கடைசி வரியும் அதேதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

நூலகர் இரண்டு புத்தகத்தையும் வாங்கிப் புரட்டினார்.

“எது முதல்ல வந்ததுன்னு எப்படிப் பார்க்கிறது? ரெண்டுலயும் வருஷம் போட்ட முன்பக்கமே இல்லையே,” என்றார் தையற்கடைக்காரர்.

“பக்கத்துக் கிளையிலேர்ந்து நல்ல பிரதி வரவழைக்கிறேன்,” என்றார் நூலகர். “எது பிந்தி வந்ததோ, அது குடோனுக்கு.”

 அம்மாளுக்கு அது வெறும் பக்கமா? கணவர் மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து முப்பது தடவை படித்த பக்கம். அவர் கண் திறந்ததே அந்த ராணியால்தான் என்று யாரிடமும் சொல்லாத ஒரு நம்பிக்கை. அவளைப் போய்க் குடோனில் அடைப்பதா?

ஆதரவுக்கு ஆள் தேடிய கண், ஜன்னலோரம் கிழிந்த புத்தகம் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்த பைண்டர் மேல் விழுந்தது. வாரநாளில் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். சனிக்கிழமை மட்டும் இங்கே வருவார்.

“பைண்டரே, நீங்க சொல்லுங்க. யாரு திருடியிருப்பா?”

“ரெண்டு பேருமே திருடியிருக்க மாட்டாங்கம்மா.”

“நல்லா சொன்னீங்க போங்க! சரி, உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளர் யாரு, அதையாவது சொல்லுங்க.”

“அப்படி யாரும் இல்லீங்க.”

“படிச்சாத்தானே இருக்கும்! நீங்க பசை காயுதான்னு பாருங்க,” என்றார் தையற்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்திகள் இருவரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்கு அது ஒன்றுக்குத்தான். பைண்டர் குனிந்து ஊசியில் நூல் கோத்தார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பிரதிகள் மேசையில் இருந்தன. வெளியான வருஷத்தைப் பார்க்கக்கூடப் பொறுக்காமல், அம்மாள் தன் பக்கத்துக்குத்தான் முதலில் ஓடினார்.

ராணி கைதட்டி மந்திரியைக் கூப்பிட்டாள். மந்திரி ஆள் அனுப்பினான். ஆள் போய் நிலாவைச் சரிசெய்தான். அப்புறம் மூன்று பக்கத்துக்கு விருந்து.

முன்னும் பின்னும் புரட்டினார். ஊசியும் இல்லை, கூந்தலும் இல்லை.

“காணோம்... என் பக்கத்தைக் காணோம்!”

“பார்த்தீங்களா! உங்க எழுத்தாளரம்மா அதை எழுதவே இல்ல!” என்று துள்ளிய தையற்கடைக்காரர், வெற்றிக் களிப்போடு தன்னுடையதைப் பிரித்தார். டிராகன் ஒரு மூலிகையைத் தின்று, மறுநாள் காலை பறந்துபோயிருந்தது. அவர் நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தடவி உட்கார்ந்தார்.

நூலகர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டார். அவர் நிமிர்ந்து அம்மாளைப் பார்த்தார். “மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டு புத்தகத்துலயும் அந்த ஒரு தாள் மட்டும்தான் வேற.”

“அது எப்படிங்க? அச்சுல இருக்கு, இத்தனை வருஷமா படிக்கிறோம்!” என்றார் தையற்கடைக்காரர்.

அம்மாள் பழைய புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அப்போ ஆஸ்பத்திரியில நான் முப்பது தடவை படிச்சேனே... அதை யாரு எழுதினது?”

ஜன்னலோரம் ஊசி நின்றது. பைண்டர் எழுந்து, கையில் இருந்த பசையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. தைக்கிறதுக்கு எங்கிட்ட வந்தப்பவே ரெண்டுலயும் அந்தத் தாளை எலி தின்னிருந்துச்சு. கதையை ஓட்டையோட தைக்க மனசு வரல, நானே எழுதி, அச்சகத்துல அடிச்சு, வெச்சுத் தைச்சுட்டேன்.”